வார்டு தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியுமா?

ஆற்றுமணல் (இழையைத் தொடங்கியவர்)

நாடாளுமன்றத் தேர்தல் என்றால் ஆறு மாதம் முன்பே பேச்சு தொடங்கிவிடுகிறது. கூட்டணி, தொகுதிப் பங்கீடு, கருத்துக்கணிப்பு, எண்ணிக்கை நாளன்று விடிந்ததிலிருந்து டிவி. அதே ஆட்களிடம் "உங்கள் வார்டு உறுப்பினர் யார்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். அமெரிக்க அதிபர் தேர்தலில் எந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களைத்தான் சொல்கிறேன்.

குடிநீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, பூங்கா, சுடுகாடு. ஒரு சாதாரண நாளில் நம்மைத் தொடுகிற அரசு வேலைகளில் பெரும்பகுதி உள்ளாட்சியின் கையில்தான். ஆனால் அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். இது ஒரு நாட்டின் நோய் இல்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் தனியாக நடக்கிற ஆண்டுகளில் வாக்குப்பதிவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மேயர் பதவிக்கு 2013-இல் நடந்த இறுதிச் சுற்றில் சுமார் 23 விழுக்காடு. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுக்க 60 விழுக்காட்டை ஒட்டி வாக்கு விழுந்தபோது, சென்னை மாநகராட்சியில் பாதிகூட விழவில்லை.

என் கருத்து இதுதான். ஒரு தனி மனிதனின் வாக்குக்கு அதிக எடை இருப்பது இந்தத் தேர்தலில்தான். அதைத்தான் சின்னத் தேர்தல் என்று ஒதுக்குகிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

வெயில்மரம்

மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நான் போவதில்லை. சோம்பேறித்தனம் காரணம் இல்லை. வார்டு உறுப்பினருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? நிதி மேலிருந்து வருகிறது. அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும். வேட்பாளரைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. கையில் அதிகாரமே இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுக்க நான் வரிசையில் நின்று என்ன ஆகப் போகிறது?

இன்னொன்று. ஆயிரக்கணக்கான வாக்குகளில் என் ஒன்று எதையும் மாற்றாது. கடமை என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். பலன் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

கூட்டல்கழித்தல்

வெயில்மரம் கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் பதில். நாடாளுமன்றத் தொகுதியில் உங்கள் வாக்கு கரைந்துபோகும் என்பது உண்மை. வார்டில் அப்படி இல்லை. 2017 மும்பை மாநகராட்சித் தேர்தலில் 220-வது வார்டில் இரண்டு வேட்பாளர்களுக்குச் சரிசமமாக வாக்கு. சீட்டுக் குலுக்கித்தான் உறுப்பினரைத் தேர்ந்தார்கள். அந்த வார்டில் அன்று வீட்டில் இருந்த யாராவது ஒருவர் இறங்கிப் போயிருந்தால் குலுக்கல் தேவைப்பட்டிருக்காது.

பெரிய தேர்தலிலும் நடக்காமல் இல்லை. 2008-இல் ராஜஸ்தான் நாத்துவாரா தொகுதியில், முதல்வர் பதவிக்கே பேசப்பட்ட சி.பி. ஜோஷி ஒரே வாக்கில் தோற்றார். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்துக்கு 2017-இல் நடந்த தேர்தலில் ஓர் இடம் சமநிலையில் முடிந்தது. கிண்ணத்திலிருந்து எடுத்த சீட்டுதான் அவையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இரண்டுக்கும் சரிபாதியா என்பதைத் தீர்மானித்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். 1,000 வாக்காளர் உள்ள வார்டில் 350 பேர் வருகிறார்கள், மூன்று பேர் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 வாக்கு வாங்கியவர் ஜெயித்துவிடலாம். ஆயிரத்தில் 130! தன் சொந்தக்காரர், தன் சாதி, தன்னிடம் வேலை செய்கிறவர் என்று ஒருவர் எளிதாகத் திரட்டிவிடக்கூடிய எண்ணிக்கை அது. நீங்கள் வராமல் இருப்பதால் உங்கள் ஒன்று மட்டும் குறைவதில்லை, அந்த 130-இன் மதிப்பும் ஏறுகிறது.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

பணியில் இருந்த காலத்தில் வாக்குச்சாவடி வேலைக்குப் பலமுறை போயிருக்கிறேன். எல்லா வகைத் தேர்தலும் பார்த்தாயிற்று. ஒன்றை அடித்துச் சொல்வேன்: கிராமத்து ஊராட்சித் தேர்தலில் வருகிற கூட்டம் நகரத்தில் வராது. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது முக்கால் பங்குக்கு மேல் வாக்களித்தார்கள். கையில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சரியாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஏன் கிராமத்தில் வருகிறார்கள்? நிற்கிற ஆளைத் தெரியும். தோற்றவனையும் மறுநாள் பார்த்தாக வேண்டும். நகரத்தில் மாடி வீட்டுக்காரர் பெயரே தெரியாதபோது வார்டு வேட்பாளரை எப்படித் தெரியும்? அக்கறை இல்லாததை விட அறிமுகம் இல்லாததுதான் பெரிய தடை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அறிமுகத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும், அது வீடு தேடி வராது.

---

இரவுப்பணி

எல்லோரும் தனிமனிதப் பொறுப்பு என்றே பேசுகிறீர்கள், எனக்கு அதில் வருத்தம் இருக்கிறது. நான் மருத்துவமனையில் இரவு வேலை. வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் போன்றவர்கள் வராமல் போனால் "பொறுப்பில்லாதவள்" என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடலாமா? பிழைப்புக்காக வேறு ஊருக்குப் போனவர்களின் பெயர் ஓரிடத்தில், வேலை இன்னோரிடத்தில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் வர அவர்களால் முடியுமா?

தேர்தல் எப்போது, எப்படி நடத்துகிறோம் என்பதிலும் பாதி இருக்கிறது. ஆற்றுமணல் சொன்ன அதே லாஸ் ஏஞ்சலஸில், நகரத் தேர்தலை மாநில, தேசியத் தேர்தல்களோடு சேர்த்து நடத்தலாம் என்று 2015-இல் வாக்காளர்களே முடிவெடுத்தார்கள். அப்படிச் சேர்த்து நடத்திய பிறகு வாக்குப்பதிவு கணிசமாக ஏறியது. ஒரே நகரம், ஒரே மக்கள். ஒரே இரவில் எல்லோருக்கும் பொறுப்பு வந்துவிட்டதா? தேதி மாறியது, அவ்வளவுதான்.

---

ஆற்றுமணல்

இரவுப்பணி அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். வர முடியாதவரையும் வராதவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நான் கேட்பது இரண்டாவது கூட்டத்தை: காலையில் கடைக்குப் போகிறோம், சினிமாவுக்குப் போகிறோம், அரை மணி நேரத்தில் முடிகிற இந்த வேலையை மட்டும் விட்டுவிடுகிறோம். உங்களைப் போன்றவர்களுக்கு வசதியான ஏற்பாடு வேண்டும் என்று கேட்க வேண்டியதும் எங்களைப் போல நேரம் உள்ளவர்களின் வேலைதான். தபால் வாக்கு, விடுமுறை நாளில் தேர்தல், நீண்ட நேர வாக்குப்பதிவு, இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு சந்தேகம். சேர்த்து நடத்தினால் வார்டு விஷயம் பெரிய தேர்தல் இரைச்சலில் அடிபட்டுப் போகாதா? தலைவர் படத்தைப் பார்த்து வரிசையாக ஒரே சின்னத்துக்குக் குத்திவிட்டு வந்துவிடுவோமே.

---

சட்டைப்பை

இதற்கு ஒரே வழி கட்டாயம்தான். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த வாக்குப்பதிவு, கட்டாயச் சட்டம் வந்த பிறகு 1925-இல் 91-ஐத் தாண்டியது. டாஸ்மேனியாவில் உள்ளாட்சிக்கு மட்டும் விருப்பம்போல் என்று இருந்ததை 2022-இல் கட்டாயமாக்கினார்கள். முந்தைய தேர்தலில் 60-ஐத் தொடாதது 80-க்கு மேலே போய்விட்டது. பேச்சு, பிரசாரம், விழிப்புணர்வு ஊர்வலம் எல்லாம் சேர்ந்து செய்யாததை ஒரு சின்ன அபராதம் செய்கிறது.

---

வெயில்மரம்

> ஒரே வழி கட்டாயம்தான்

குஜராத் இதைத்தான் செய்யப் பார்த்தது. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கி 2009-இல் சட்ட மசோதா கொண்டுவந்தார்கள், பல வருடம் இழுபறிக்குப் பிறகு சட்டமானது, 2015-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. இரவுப்பணி சொன்ன ஆட்களை நினைத்துப் பாருங்கள். வெளியூரில் கூலி வேலை பார்ப்பவருக்கு அபராதம் போட்டால் அது பொறுப்பை வளர்க்குமா, வெறுப்பை வளர்க்குமா?

போக வேண்டாம் என்று முடிவெடுப்பதும் என் உரிமை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

வெயில்மரம் தம்பி, உரிமை உங்களுடையதுதான், யாரும் பறிக்கவில்லை. ஆனால் போகாமல் இருப்பதை யாரும் எதிர்ப்பாக எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணும் மேசையில் நின்றவன் சொல்கிறேன். கோபத்தில் வராதவரும், தூக்கத்தில் வராதவரும், இறந்து போய்ப் பட்டியலில் மட்டும் பெயர் இருப்பவரும் அங்கே ஒன்றுதான்.

இன்னொரு வேண்டுகோள். குடவோலை முறை, உத்திரமேரூர், ஆயிரம் வருட ஜனநாயகம் என்று யாராவது தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அது, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். அது குலுக்கல், வாக்களிப்பு இல்லை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் பங்கில்லை. பெருமைப்பட ஒன்று இருக்கிறதென்றால், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் போடவே தகுதியில்லை என்ற விதிதான். அந்த ஒன்றை இன்று நாம் வாக்காளராக இருந்து செய்யலாமே.

---

கிணற்றடி

நான் ஊராட்சி உறுப்பினராக ஒரு முறை இருந்தவள். அதிகாரம் இல்லை என்று வெயில்மரம் சொன்னதில் பாதி உண்மை. எந்தத் தெருவுக்குக் குழாய் முதலில் என்ற கேள்வி வரும்போது எங்களுக்கு அதிகாரம் இருந்தது. அந்த வரிசையைக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தண்ணீர் எடுத்து வருகிறவள் அங்கே இருந்தால் பட்டியல் மாறும்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. இந்தியாவில் 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றது. அதன் பிறகு மேற்கு வங்கத்தில் ஆய்வு செய்தவர்கள், தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கான வேலைகள் கூடுதலாக நடந்ததைக் கண்டார்கள். எந்த ஊராட்சி ஒதுக்கீட்டில் வரும் என்பது ஏறக்குறைய குலுக்கல் போலத்தான் அமைந்தது. அதனால் நல்ல ஊராகப் பார்த்துப் பெண்கள் வந்தார்கள் என்று தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் மனைவி பெயரில் கணவர் ஆட்சி நடத்துவதும் நடக்கிறது, மறைக்க மாட்டேன். அதைத் தடுப்பதும் வாக்காளர்தான். பிரசாரத்துக்கு வரும்போது கணவரிடம் பேசாதீர்கள். வேட்பாளரிடம் நேராகக் கேளுங்கள், அவர் வாயால் பதில் வரும்வரை காத்திருங்கள்.

---

கடல்தாண்டி

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். குடியுரிமை இல்லாவிட்டாலும் உள்ளாட்சியில் வாக்களிக்கலாம் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடக்கம். உள்ளாட்சி மட்டுமில்லை, நாடாளுமன்றத்துக்கும் போடலாம். அயர்லாந்தில் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், அங்கே வசிப்பவர் உள்ளாட்சிக்கு வாக்களிக்கலாம். நார்வே, ஸ்வீடனில் மூன்று வருடம் தங்கியிருந்தால் போதும். நியூசிலாந்தில் நிரந்தர வசிப்புரிமை இருந்தால் போதும், ஒரு வருடம் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

"இது நம்ம ஊர் இல்லையே" என்று ஒதுங்குகிறோம். பிள்ளை படிக்கும் பள்ளி, ஓடுகிற பஸ், கட்டுகிற உள்ளாட்சி வரி எல்லாம் அந்த ஊருடையதுதானே? வரி மட்டும் கட்டிவிட்டு, அது எதற்குச் செலவாகிறது என்ற பேச்சில் நாம் இல்லை.

---

கூட்டல்கழித்தல்

கடல்தாண்டி சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. தேர்தலே நடக்காத இடங்கள். மலேசியாவில் 1965-இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976 சட்டம் அதை முழுதாக எடுத்துவிட்டது. இன்றுவரை அங்கே உள்ளாட்சி உறுப்பினர்கள் நியமனம்தான். இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2025 மே மாதம்தான் நடந்தது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும், ஊராட்சிகள் மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்லும்போது இது நடந்தது.

சட்டமன்றத் தேர்தலை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் நாடே கொதித்திருக்கும். உள்ளாட்சிக்கு அந்தக் கொதிப்பு வரவில்லை. நாம் அக்கறை காட்டாத தேர்தல் என்பதால்தான் அதைத் தள்ளிப்போடத் துணிகிறார்கள்.

---

சட்டைப்பை

பணம் பற்றி யாரும் பேசவில்லையே? வீடு வீடாக வந்து கொடுக்கிறார்கள். வாங்காவிட்டால் எதிரியாகப் பார்க்கிறார்கள். "வாங்கிக்கொண்டு மனசுக்குப் பிடித்தவருக்குப் போடு" என்று பலர் சொல்கிறார்கள். இது சரியா?

---

கிணற்றடி

சரியில்லை. ஆனால் வாங்கியவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரச் செலவு அதில் ஓடுகிற வீடுகள் இருக்கின்றன. வாங்கிவிட்டால் சத்தியம் பண்ணியதாக நினைத்துப் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைப் போக்குங்கள். உள்ளே என்ன போட்டீர்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. அரசே அச்சிட்ட சீட்டு, மறைவிடம், ரகசிய வாக்கு என்ற ஏற்பாடு 1856-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் தொடங்கியது. அதற்கு முன் பல இடங்களில் எல்லோர் காதிலும் விழும்படி பெயரைச் சொல்லித்தான் வாக்களிக்க வேண்டியிருந்தது, நிலக்காரரும் முதலாளியும் பக்கத்தில் நிற்பார்கள். அந்த மறைவிடத்துக்குள் யாரும் நமக்கு எஜமானர் இல்லை.

கூட்டல்கழித்தல் தம்பி போட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும். 350 பேர் வருகிற வார்டில் நூறு பேரை விலைக்கு வாங்கினால் முடிந்தது. 800 பேர் வந்தால் அந்த நூறு போதாது. பணம் வாங்காதவர்கள் அதிகம் வந்தால் பணம் கொடுப்பவருக்குத் திட்டம் கட்டுப்படியாகாது.

---

வெயில்மரம்

கடைசி மூன்று பதிவுகளை இரண்டு முறை படித்தேன். தேர்தல் தள்ளிப்போவதற்கும் நம் அக்கறையின்மைக்கும் உள்ள தொடர்பை நான் யோசித்ததில்லை. ஆனாலும் என் முதல் கேள்வி நிற்கிறது. நிற்கிறவர்களில் யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை, யாரைப் பற்றியும் எதுவும் தெரியவில்லை என்றால் குருட்டுத்தனமாக ஒருவருக்குப் போடுவது பொறுப்பா? தெரியாமல் போடுவதை விடப் போடாமல் இருப்பது நேர்மை என்று நினைக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

நல்ல கேள்வி. தெரியாமல் போடச் சொல்ல மாட்டேன், தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். வார்டு என்பதால் அது கைக்கெட்டும் வேலை. ஏற்கெனவே பதவியில் இருந்தவர் மறுபடி நின்றால் மன்றக் கூட்டங்களுக்கு வந்தாரா, என்ன தீர்மானம் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். பதிவேடு அலுவலகத்தில் இருக்கும், இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். புதியவர் என்றால், "சாலை போடுவேன்" என்பதோடு விடாதீர்கள். எந்தச் சாலை, எந்த நிதியில், அது உங்கள் மன்றத்தின் அதிகாரத்தில் வருகிறதா என்று கேளுங்கள். உள்ளாட்சிக்கு அதிகாரமே இல்லாத விஷயத்தை வாக்குறுதியாகக் கொடுப்பவர் தன் வேலை என்ன என்று படிக்காமல் நிற்கிறார். அவரைக் கழித்துவிடலாம். மிச்சம் இருப்பவர்களில் யார் கேள்வியைக் கேட்டுக் கோபப்படவில்லை என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டிலும் பேசுங்கள். 2006-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கள ஆய்வு நடந்தது. நீங்கள் வாக்களித்தீர்களா இல்லையா என்பதை அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிப்போம் என்று கடிதம் அனுப்பிய வீடுகளில் வாக்குப்பதிவு சுமார் எட்டு விழுக்காட்டுப் புள்ளி கூடியது. அந்த மாதிரி மிரட்டல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அக்கம்பக்கம் கவனிக்கிறது என்ற எண்ணத்துக்கு எவ்வளவு வலு என்று தெரிகிறது. "நாளைக்குப் போகிறோம், வருகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டாலே பலர் கிளம்பிவிடுவார்கள்.

---

இரவுப்பணி

வாத்தியார் ஐயா, நடைமுறையில் ஒரு கேள்வி. வாக்காளர் அட்டை இருக்கிறது. போன முறை சாவடிக்குப் போனபோது பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டை இருந்தும் எப்படி இப்படி?

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

அட்டை நீங்கள் யார் என்பதற்கான சான்று மட்டும்தானம்மா. வாக்களிக்கும் உரிமை பட்டியலில் பெயர் இருந்தால்தான். இந்தியாவில் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலை நடத்துவது ஒரு ஆணையம், உள்ளாட்சியை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலை எடுத்துத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். அங்கே பெயர் விடுபட்டிருந்தால் இங்கேயும் இருக்காது. வீடு மாறியிருந்தாலோ வார்டு எல்லை மாற்றப்பட்டிருந்தாலோ பெயர் வேறு பாகத்தில் கிடக்கும், சாவடியும் மாறியிருக்கும். வரைவுப் பட்டியல் வெளியாகும்போதே பாருங்கள். வேட்புமனுத் தாக்கல் நெருங்கிவிட்டால் சேர்ப்பது கடினம். வீட்டில் எல்லோர் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், குறிப்பாகப் புதிதாகப் பதினெட்டு முடிந்த பிள்ளைகள், கல்யாணமாகி வந்த மருமகள். விடுபடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

---

வெயில்மரம்

பட்டியலில் என் பெயரை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். பழைய முகவரியில் இருக்கிறது. மாற்ற விண்ணப்பம் போடுகிறேன். வாக்களிப்பேன் என்று இன்னும் சொல்லவில்லை. நிற்பவர்களிடம் வாத்தியார் சொன்ன கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்.

---

ஆற்றுமணல்

அது போதும் வெயில்மரம். கேட்டபோது யார் என்ன பதில் சொன்னார்கள் என்று இதே இழையில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். என் வார்டில் நான் கேட்டதையும் எழுதுகிறேன்.